வாசலில் ஸ்டார், மூலையில் குடில்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதைத் தெருவுக்குச் சொல்வது வாசலில் தொங்கும் ஸ்டார்தான். டிசம்பர் பிறந்ததும் மொட்டை மாடிக் கம்பத்திலோ, சன்ஷேடிலோ, முற்றத்து வேப்பங்கிளையிலோ அது ஏறிவிடும். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வரும்: குடில், மரம், சீரியல் செட், ஜிகினாச் சரம், நூலில் கோத்த வாழ்த்து அட்டைகள். இவற்றில் பலவும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நூற்றாண்டில் பிறந்தவை. தமிழ் வீடுகளுக்கு வந்தபோது ஊருக்கு ஊர் கைக்குக் கிடைத்த பொருளால் செய்யப்பட்டு, அந்தந்த ஊரின் சாயலை வாங்கிக்கொண்டன. சிறுவயதுக் கிறிஸ்துமஸ் மனதில் தங்குவதும் அந்தச் சாயலால்தான். கடற்கரை ஊரில் வளர்ந்தவருக்கு அது சவுக்குக் கிளையின் வாசம். தேரிக்காட்டுப் பக்கத்துக்காரருக்குப் பனையோலை. டவுனில் வளர்ந்தவருக்கு மைதாப் பசையும் கண்ணாடிப் பேப்பரும்.

திருப்பூரில் இந்த நினைவுகள் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் கூடுகின்றன. 1925-ல் முதல் பனியன் கம்பெனி கண்ட ஊர் இது. 1970-களின் இறுதியில் இத்தாலிக்கு டி-சர்ட் போகத் தொடங்கியபின் ஏற்றுமதி நகரமாக வளர்ந்தது. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வேலை தேடி நெல்லை, தூத்துக்குடி, குமரி, மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து குடும்பங்கள் வந்து, ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியேறின. பின்னர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்களும் வந்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் பல நாள் மூடியிருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கிடைப்பது ஓரிரு நாள். அதற்குள் ஊருக்குப் போய்த் திரும்புவது பலருக்கு முடிவதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் ஊரைக் கொஞ்சம் இங்கே கொண்டுவந்து வைக்கும் வேலையை அலங்காரம்தான் செய்கிறது. அதற்கு வேண்டிய பொருளில் பாதி, இந்த ஊர் தினமும் வெட்டி ஒதுக்கும் துணியிலேயே இருக்கிறது.

ஸ்டார்

கிழக்கே தோன்றிய விண்மீன் ஞானிகளைப் பெத்லகேமுக்கு வழிநடத்தியது என்கிறது மத்தேயு நற்செய்தி. வாசலில் ஸ்டார் தொங்குவதற்கு அதுவே காரணம். காகித ஸ்டாருக்குள் விளக்கு வைப்பதன் பழைய வரலாறுகளில் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. 1830-களில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் திருச்சபை நடத்திய பள்ளியில், வடிவியல் பாடத்துக்காக மாணவர்கள் பல முனை கொண்ட நட்சத்திரத்தைச் செய்தார்கள். அது பின்னர் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் பெயரால் தொழிலாகவே வளர்ந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் கையால் கட்டும் ஸ்டாருக்கு ஐந்து முனை. அதன் கணக்கு எளிது: பத்துச் சிம்பு, ஐந்து முட்டு. ஒரே நீளமுள்ள ஐந்து மூங்கில் சிம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்துக் கட்டினால் ஒரு தட்டையான நட்சத்திரம் வரும். அதேபோல் இன்னொன்று கட்டி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் ஒரு சாண் குச்சியை முட்டுக்கொடுத்தால் இரண்டு சட்டங்களும் விலகி, ஸ்டாருக்கு வயிறு வரும். அந்த வயிற்றுக்குள்தான் பல்பு. மேலே கலர் பேப்பரோ கண்ணாடிப் பேப்பரோ ஒட்டுவார்கள். பசைக்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவார்கள். பூச்சியும் கரப்பானும் அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம் போடுவதுண்டு. அது விஷம் என்பதால் சிறுவர்களை அந்தக் கிண்ணத்தின் பக்கம் விடமாட்டார்கள். பின்புறம் ஒரு முனையில் பேப்பரை ஒட்டாமல் விடுவது பல்பு மாட்டவும், சூடு வெளியேறவும்.

இந்தப் பேப்பர் ஸ்டாருக்கு எதிரி மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப் பார்க்கும். ஒரே இரவில் கலர் சாயம் சுவரெல்லாம் வழிந்துவிடும். கடைகளில் பிளாஸ்டிக் ஸ்டார் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். திருப்பூரில் இதற்கு மாற்று வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். மெல்லிய வெள்ளை சிங்கிள் ஜெர்சித் துணியை மூங்கில் சட்டத்தின்மேல் இழுத்து, பின்பக்கம் தைத்துவிடலாம். பின்னலாடைத் துணி நாலாபக்கமும் நீளும் தன்மை கொண்டதால் மூலைகளில் சுருக்கம் விழாது. ஒளி துணிக்குள் பரவி, பல்பின் உருவம் தெரியாமல் ஸ்டார் முழுவதும் ஒரே சீராக மின்னும். நனைந்தாலும் காய்ந்துவிடும், அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம்.

ஒளி

பழைய கிறிஸ்துமஸின் நிறம் மஞ்சள். இழை எரியும் பழைய பல்புகளின் ஒளி 2,700 கெல்வின் அளவிலான வெதுவெதுப்பான மஞ்சளில் இருக்கும். இன்று சாதாரணமாக வாங்கும் வெள்ளை எல்இடி பல்பு 6,500 கெல்வின், அதாவது நடுப்பகல் வெளிச்சம். அதே ஸ்டாரில் புது பல்பு மாட்டியதும் ஏதோ குறைகிறது என்று தோன்றுவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்கினால் பழைய நிறம் திரும்பிவிடும். முன்பு ஸ்டாருக்குள் 40 வாட்ஸ் பல்பு எரியும்; பேப்பர் கருகியதும் உண்டு. இப்போது 5 வாட்ஸ் எல்இடியே போதும், சூடும் குறைவு.

சீரியல் செட்டுக்கும் ஒரு கதை உண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆறு வோல்ட் சின்னப் பல்புகளை ஏறத்தாழ 38 எண்ணிக்கையில் தொடராக இணைத்தால் ஆளுக்கு ஆறாகப் பிரிந்து எல்லாம் எரியும். ஆனால் மின்சாரம் எல்லாப் பல்புகள் வழியாகவும் போயாக வேண்டும் என்பதால், ஒன்று ஃபியூஸ் ஆனால் முழுச் சரமும் அணைந்துவிடும். எந்தப் பல்பு போனது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருகித் தேடுவது ஒரு தலைமுறையின் கிறிஸ்துமஸ் வேலை. இன்றைய எல்இடி சரங்களில் அந்தத் தேடல் பெரும்பாலும் இல்லை. ஆனால் மலிவான சரங்களின் வயர் மெல்லியது. துணி, பஞ்சு, வைக்கோல் ஆகியவற்றின்மேல் படியாமல் சுற்ற வேண்டும். தூங்கப் போகும்போதும் வேலைக்குக் கிளம்பும்போதும் சுவிட்சை அணைக்க வேண்டும்.

குடில்

1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்து இயேசு பிறந்த இடத்தை மக்கள் கண்முன் காட்டினார். குடில் மரபு பரவியது அதன் பிறகுதான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் குடிலே அலங்காரத்தின் நடுநாயகம். சீர்திருத்தச் சபை வீடுகளில் ஸ்டாருக்கும் கேரல் ரவுண்ட்ஸ் வருவோரை வரவேற்பதற்கும் முதலிடம் தருவார்கள். அவற்றிலும் குடில் வைக்கும் வீடுகள் உண்டு.

குடிலுக்கான பொம்மைகளைச் சொரூபம் என்பது வழக்கம். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் கைவினைஞர்களே நவராத்திரி முடிந்ததும் குடில் செட்டுக்கு மாறுகிறார்கள். ஒரே கை, ஒரே களிமண். புரட்டாசியில் கொலுப் படிக்கும் மார்கழியில் மாட்டுத் தொழுவத்துக்கும் போகிறது. சூசையப்பர், மாதா, குழந்தை, இடையர், ஆடு மாடு, விண்மீனைப் பின்தொடர்ந்த ஞானிகளான மூன்று ராசாக்கள், சம்மனசு என்னும் வானதூதர் எனச் செட்டு நிறையும்.

சொரூபங்களை விடச் சிறுவர்களுக்கு உரிமையானது அவற்றைச் சுற்றியுள்ள ஊர். சிமெண்ட் சாக்கின் காகிதத்தைக் கசக்கி, காவியும் பச்சையும் தெளித்து மலை செய்வார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் படுக்கவைத்து மணலால் ஓரம் மறைத்தால் குளம். அதில் பிளாஸ்டிக் வாத்து மிதக்கும். பக்கத்தில் பெட்ரோல் வண்டியும் வரும். பெத்லகேமில் பேருந்து நிலையம் அமைத்த குழந்தைகளும் உண்டு. திருப்பூர் வீட்டில் மலைக்கு அட்டைப்பெட்டியே போதும். ஏற்றுமதிப் பெட்டிகளின் கெட்டி அட்டையை ஈரமாக்கி மடித்தால் பாறை விளிம்புபோல நிற்கும். கூரைக்குத் தென்னங்கீற்று கிடைக்காவிட்டால் பல்லடம், காங்கயம் பக்கத்துச் சோளத்தட்டு இருக்கிறது. தொழுவத்து மாடு காங்கயம் காளையின் திமிலோடும் மயிலை நிறத்தோடும் இருந்தால் அந்தக் குடில் எந்த ஊருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

பச்சைக்குக் கேழ்வரகு விதைப்பது பழைய பழக்கம். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு கைப்பிடி கேழ்வரகை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, மணலும் மக்கிய எருவும் பரப்பிய தட்டில் தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் 24-ஆம் தேதிக்குள் விரல் நீளப் புல் நிற்கும். அம்மன் கோயில் முளைப்பாரி வளர்த்துப் பழகிய ஊர்களில் இந்தக் கைவேலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாட்கள் இருட்டில் வைத்தால் வெளிறி நீளும்; வெயில் காட்டினால் பச்சை பிடிக்கும்.

குடிலுக்கென்று ஒரு கால ஒழுங்கும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். அப்போது தொட்டி வெறுமையாக இருக்கும். 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து குழந்தைச் சொரூபத்தைத் தொட்டியில் வைப்பார்கள். பல வீடுகளில் அந்த உரிமை கடைக்குட்டிக்கு. மூன்று ராசாக்களை முதலில் அலமாரியின் தூர முனையில் நிறுத்தி, தினமும் ஒரு சாண் நகர்த்தி, அவர்களின் திருநாளான ஜனவரி 6-ல் குடிலுக்குள் சேர்க்கும் வீடுகளும் உண்டு. இரண்டு வாரம் குழந்தைகளை அந்த மூலைக்கே இழுத்துவைக்கும் விளையாட்டு அது.

மரம்

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய வழக்கம். விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானபின் ஆங்கிலேய வீடுகளில் பரவி, அவர்கள் போன இடமெல்லாம் போனது. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஊசியிலை மரம் இல்லாத குறையைச் சவுக்கு தீர்த்தது. ஊசிபோலத் தெரிபவை அதன் இலைகள் அல்ல, மெல்லிய பச்சைக் கிளைகள். பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி, சவுக்குக் கிளையை நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் போடுவது கடலோர ஊர்களின் வழக்கம். பனியையே பார்த்திராதவர்களின் பனி அது.

திருப்பூருக்குரிய மரம் வேறொன்று. நிட்டிங் மிஷின்களுக்கு நூல் வருவது காகிதக் கோனில். நூல் தீர்ந்தபின் மிஞ்சும் கோன் சுமார் 17 சென்டிமீட்டர் உயரத்தில், மேல்நோக்கிக் குறுகி நிற்கும். அதன்மேல் பச்சை ரிப் துணியைக் கீழிருந்து மேலாகச் சுற்றி ஒட்டினால் ஒல்லியான ஊசியிலை மரம் தயார். பச்சையில் வெவ்வேறு ஷேடு கிடைத்தால் இன்னும் நல்லது. உயரத்துக்கு வித்தியாசம் காட்ட அடியில் சிறு அட்டைப்பெட்டிகளை வைத்து ஐந்தாறு கோன்களை நிறுத்தினால், டிவி ஸ்டாண்டில் ஒரு காடு எழும். தரையில் இடமில்லாத ஒற்றை அறை வீட்டுக்கு இந்த அளவே பொருத்தம்.

வெட்டுத்துணித் தோரணம்

கட்டிங் மேஜையில் துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வெட்டில் அறுக்கிறார்கள். கழுத்துப் பகுதியிலிருந்து விழும் அரைநிலாத் துண்டுகள் அடுக்கடுக்காக, ஒரே அளவில் விழும். கைக்குழியின் வளைவிலிருந்தும் அப்படித்தான். கடையில் அளந்து வெட்டி விற்கும் கொடித் தோரணத்துக்கு வேண்டிய சீர்மை இங்கே வேஸ்டிலேயே இருக்கிறது. அந்த அரைநிலாக்களின் நேர்விளிம்பை மடித்து ஒரு நாடாவில் வரிசையாக ஓவர்லாக் அடித்தால், மாவிலைத் தோரணம்போல நிலைவாசலில் தொங்கும். மெரூன், பாட்டில் கிரீன், ஆஃப் ஒயிட் மூன்றும் மாறி மாறி வந்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

எந்தத் துணி எதற்கு ஆகும் என்பதை அதன் பின்னலே சொல்லும். நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கே போவதால் வெட்டிய விளிம்பில் நூல் பிரியும். பின்னிய துணி கண்ணிகளால் ஆனது. அவ்வளவு எளிதில் பிரியாது. சிங்கிள் ஜெர்சியில் கண்ணிகளின் இழுவிசை இரு முகத்திலும் சமமாக இல்லாததால் ஓரம் தானாகச் சுருளும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் துணியின் குறுக்குவாக்கில் நீளமாகக் கத்தரித்து, இரு முனையையும் பிடித்து ஓர் இழு இழுத்தால், பட்டை சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். கால்மிதி பின்னுவோர் அறிந்த வித்தை இது. அந்தக் கயிற்றை மூன்று புரியாகப் பின்னி வட்டமாக வளைத்துக் கட்டினால் கதவில் மாட்டும் வளையம். ரிப்பும் இன்டர்லாக்கும் இரு முகமும் சமநிலையில் இருப்பதால் சுருளாமல் படுத்திருக்கும். நட்சத்திரம், மணி, காலுறை போன்ற தட்டை வடிவங்களுக்கு அவையே சரி. உட்புறம் பஞ்சுபோல் உயர்ந்த ஃப்ளீஸ் துணி குடிலில் ஆட்டுக்குட்டியின் முதுகுக்கு ஆகும். ஆனால் தீப்பற்றினால் அதன் மேற்பஞ்சில் நெருப்பு வேகமாக ஓடும். மெழுகுவத்திப் பக்கம் வைக்கக் கூடாது.

ஏற்றுமதியில் மிஞ்சியவையும் செகண்ட்ஸும் விற்கும் காதர்பேட்டையில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கும். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸுக்கான உடுப்புகள் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். அதனால் கலைமானும் பனிச்செதிலும் அச்சிட்ட துணியை இந்த ஊர் ஆடி, ஆவணி வெயிலிலேயே தைத்து முடித்துவிடுகிறது. அதில் தங்கிப்போன துண்டுகள் டிசம்பரில் தலையணை உறையாகவும் மேஜை விரிப்பாகவும் வீட்டுக்குள் வரலாம். அந்தத் தையலைப் போட்ட கையே அதை வீட்டில் விரிப்பதும் நடக்கும்.

வாடகை வீட்டு வழி

லைன் வீட்டில் முதல் விதி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கதவு நிலைவரை ஒரு கொடிக்கயிறு இழுத்துக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. தோரணமும் சீரியல் செட்டும் அதிலேயே ஏறும். மின்விசிறி சுற்றும் எல்லைக்குள் எதுவும் தொங்கக் கூடாது. இன்னொரு கயிறு வாழ்த்து அட்டைகளுக்கு. முதல் அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை 1843-ல் லண்டனில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் செல்போனுக்கு முந்தைய தலைமுறைக்கு டிசம்பர் என்றால் தபால்காரர் கொண்டுவரும் அட்டைதான். வந்த அட்டைகளை நடுமடிப்பில் நூல்மேல் உட்காரவைத்து முன்னறையில் தொங்கவிடுவார்கள். எத்தனை அட்டை என்பது ஒரு கௌரவம். டிரங்குப் பெட்டியில் பழைய அட்டைகள் கிடந்தால் இந்தக் கயிற்றில் அவற்றுக்கு மீண்டும் இடமுண்டு. இல்லாதவர்கள் ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியின் படங்களை அச்செடுத்து, துணி கிளிப்பில் மாட்டலாம்.

கண்ணுக்குப் படாத அலங்காரமும் இருக்கிறது. பழைய நாளில் டிசம்பர் முதல் வாரத்திலேயே சுண்ணாம்பில் நீலம் கலந்து வெள்ளையடிப்பார்கள். அந்த வாசனைதான் பண்டிகையின் முதல் அறிவிப்பு. அடுத்து எண்ணெய்ச் சட்டி. குமரி, நெல்லை வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும், மற்ற இடங்களில் அதிரசமும் கைமுறுக்கும். ஓவன் வைத்திருக்கும் வீட்டில் ஊத்துக்குளி வெண்ணெய் போட்ட கேக்கும் சேரும். இவற்றைச் செய்து டின்னில் அடைக்கும் மாலையில்தான் வீடு கிறிஸ்துமஸ் வீடாக மாறுகிறது.

வாசலிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியின் பத்தாம் நாளை ஒட்டி. அந்த விடிகாலைப் பனியில் பக்கத்து வீட்டு வாசல்களில் பெரிய கோலமும் சாணிப் பிள்ளையார்மேல் பூசணிப்பூவும் இருக்கும். காம்பவுண்டில் குடியிருக்கும் கிறிஸ்தவ வீட்டார் தங்கள் பங்குக்கு நட்சத்திரக் கோலம் போடுவதுண்டு. முறுக்குத் தட்டு ஒரு வீட்டிலிருந்து போக, பொங்கலன்று கரும்புத் துண்டு திரும்பி வரும்.

இறக்கி வைத்தல்

ஜனவரி 6 ராசாக்கள் திருநாள் முடிந்ததும் அலங்காரம் இறங்கும். அடுத்த ஆண்டு அது எந்த நிலையில் எழும் என்பது இறக்கி வைக்கும் விதத்தைப் பொறுத்தது. சொரூபங்களைத் தனித்தனியே வெட்டுத்துணியில் சுற்றி, குழந்தையை மட்டும் சிறு டப்பாவில் போட்டுப் பெட்டியின் மேலே வைத்தால் உடையாது, தேடவும் வேண்டாம். சீரியல் செட்டைக் காலி நூல் கோனில் சுற்றினால் சிக்கு விழாது. ஸ்டாரின் ஐந்து முட்டுகளையும் உருவிவிட்டால் வயிறு தட்டையாகிப் பரணில் சிறு இடத்தில் அடங்கும். முட்டுகளை அதோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தோரணத்தைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து மடிக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். கேழ்வரகுப் புல் பால்காரரின் மாட்டுக்கு, சோளத்தட்டும் அப்படியே. பெட்டி பரணில் ஏறும்போது பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பை கீழே இறங்கியிருக்கும்.